ஞாபகசக்தி அட்டைக்குள் ஏறிய கதை

9ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பாகூரில் ஒரு கல்விச்சாலை நடந்துகொண்டிருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் ஆட்சியில் அந்தச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்தார்கள். வித்யாஸ்தானம் என்று பாகூர்ச் செப்பேடு அதைக் குறிப்பிடுகிறது. அச்சுப் புத்தகம் இல்லாத காலம். ஓலைச்சுவடி ஆசிரியரிடம் இருக்கும். மாணவனுக்குச் சொந்தமென்று இருந்தது அவன் நெஞ்சில் நின்ற பாடம் மட்டும்தான். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவன் இருமுறை திருப்பிச் சொல்லும் 'சந்தை' முறையில்தான் நம் பக்கத்தில் வேதமும் பிரபந்தமும் தலைமுறை தாண்டி வந்தன. மூன்று ஊர் விளைச்சலை வாங்கிச் சாப்பிட்டு அங்கே வளர்ந்த பயிர் என்று பார்த்தால், அது மனித ஞாபகம்தான்.

அதே மண்ணில் இன்னொன்றும் வளர்ந்தது. பாகூர் வயல் வரப்பிலும், உறுவையாறு பக்கத்து வாய்க்கால் ஓரத்திலும், ஈரம் காயாத இடமெல்லாம் தரையோடு தரையாகப் படரும் ஒரு பூண்டு. இலை விரல்நகத்தைவிடச் சின்னது. தடிப்பாக, சாறு நிறைந்து, தண்டில் ஜோடி ஜோடியாக நிற்கும். கணுவுக்குக் கணு வேர் விடும். வெள்ளையில் லேசாக ஊதா கலந்த ஐந்து இதழ்ப் பூ. கிள்ளி வாயில் போட்டால் நாக்கு சுருண்டுகொள்ளும் கசப்பு. மாடு மிதிக்கும், ஆள் மிதிப்பார், நாற்றுக்கட்டு அதன்மேல் வந்து விழும். வைத்தியர்கள் மட்டும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: நீர்ப்பிரமி. அந்தப் பெயரால்தான் பெரிய குழப்பமே ஆரம்பித்தது.

வடமொழி மருத்துவ நூல்களில் அறிவைக் கூர்மையாக்கும் மூலிகைகளுக்குத் தனி மரியாதை உண்டு. சரக சம்ஹிதை நான்கைத் தேர்ந்து சொல்கிறது: மண்டூகபர்ணி, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. இதில் மண்டூகபர்ணி என்பது நம் வல்லாரை. தோசைக்குத் துவையலாக அரைக்கும் அதே கீரைதான். வல்லாரை உண்டவனோடு மல்லாடாதே என்று பழமொழியே இருக்கிறது. பிரம்மாவின் பெயரைத் தாங்கிய பிராமி என்னும் மூலிகையும் பழைய நூல்களில் வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டால் ஓர் ஊர் வைத்தியர் நீர்ப்பிரமியை எடுத்துக் கொடுப்பார், இன்னோர் ஊர் வைத்தியர் வல்லாரையை எடுத்துக் கொடுப்பார். செடிகளைப் பார்த்தாலோ உறவே கிடையாது. வல்லாரை கொத்தமல்லிக் குடும்பம். நீர்ப்பிரமி இசப்கோல் குடும்பம். ஒரே பெயர் இரண்டு செடிகளின் தலையிலும் ஏறிக்கொண்டது. எந்தச் செடிக்கு எந்தக் குணம் என்பது பல நூற்றாண்டு பிரியாமலே கிடந்தது.

இதற்கிடையில் ஐரோப்பியர்கள் வந்தார்கள். நீர்ப்பிரமிக்கு அவர்கள் தாவரப் பெயர் வைத்தபோது, பதினைந்தாம் லூயி மன்னனின் அரண்மனைத் தாவரவியலாளர் லெ மோன்னியே என்பவரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. இன்று அதன் அறிவியல் பெயர் பகோபா மோன்னியேரி. அந்த லூயியின் கொடி பறந்த புதுச்சேரியைச் சுற்றியுள்ள வயல்களில், பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பெயரைச் சுமந்தபடி அந்தப் பூண்டு மிதிபட்டுக்கொண்டே இருந்தது. பெயர் கிடைத்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க யாரும் உட்காரவில்லை.

1931இல்தான் முதல் கை விழுந்தது. போஸ் என்ற பெயருடைய இரண்டு இந்திய ஆய்வாளர்கள் அதிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்து 'பிராமின்' என்று பெயரிட்டார்கள். பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் அந்தப் பாதை ஞாபகத்தில் போய் முடியவில்லை. 1950களின் கடைசியில் வேறு ஆய்வாளர்கள் அதிலிருந்தே ஒரு சப்போனினை எடுத்தார்கள். கொடுத்துப் பார்த்தபோது விலங்குகளிடம் தெரிந்தது சாந்தம்; மூளை கூர்மையானதாகத் தெரியவில்லை. பழைய வைத்தியமும் பித்து, வலிப்பு என்று மனதை அடக்கத்தான் அதை அதிகம் தேடியது. எனவே நீர்ப்பிரமி அமைதிப்படுத்தும் மருந்து என்ற பட்டியலில் அடங்கிவிடும் போலிருந்தது. அப்படி அடங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முடியாமல் காப்பாற்றியது லக்னோவில் கோமதி ஆற்றங்கரையிலிருந்த ஒரு பழைய நவாபு அரண்மனை. சத்தர் மன்ஸில் என்று பெயர். 1951 பிப்ரவரி 17 அன்று நேரு அங்கே மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தைத் திறந்துவைத்தார். புதுச் சுதந்திர நாட்டுக்கு ஓர் ஆசை: நம் மூலிகைகளை நாமே சோதிப்போம். நவாபுகள் உலாவிய மண்டபங்களில் கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக நின்றன. 1963இல் சட்டர்ஜி, ரஸ்தோகி, தர் ஆகியோர் நீர்ப்பிரமியிலிருந்து பிரித்த சேர்மங்களை வெளியிட்டார்கள். பகோசைடு என்று பெயர். வாய்க்கால் ஓரத்துக் கசப்புக்கு ஒரு வேதியியல் முகம் கிடைத்தது. முகம் கிடைத்தும், அது என்ன வேலை செய்யும் என்று கேட்க இன்னும் இருபது வருஷம் ஆனது.

அந்த இருபது வருஷத்தில் உலகம் ஒரு புதுச் சொல்லைக் கற்றுக்கொண்டது. 1964இல் பெல்ஜியத்தில் கோர்னேலியு ஜூர்ஜியா என்ற விஞ்ஞானியின் குழு, மனத்தை அமர்த்தித் தூக்கம் தரும் பொருளைத் தேடும்போது பிராசிடம் என்ற மருந்தைத் தயாரித்தது. தூக்கம் வரவில்லை. கற்றலுக்கு உதவுவதுபோல் தெரிந்தது. 1972இல் ஜூர்ஜியா இப்படிப்பட்ட மருந்துகளுக்கு 'நூட்ரோபிக்' என்று பெயர் சூட்டினார். நோய் இல்லாதவர்கூட மூளைக்கென்று மருந்து சாப்பிடலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. இங்கே நீர்ப்பிரமி, அங்கே பிராசிடம். இரண்டு பக்கமும் தேடியது அமைதியை, கைக்கு வந்தது ஞாபகத்தின் வால்.

1982. லக்னோவில் எச்.கே. சிங், பி.என். தவன் இருவரும் எலிகளோடு உட்கார்ந்தார்கள். வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிந்து சரியான பக்கம் ஓடாவிட்டால் காலில் லேசான மின் அதிர்ச்சி. எலி எத்தனை முயற்சியில் கற்றுக்கொள்கிறது, கற்றதை எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒரு கிலோ உடல் எடைக்கு 40 மில்லிகிராம் நீர்ப்பிரமிச் சாறு, மூன்று நாளோ அதற்கு மேலோ கொடுத்த எலிகள் சீக்கிரம் கற்றன, நெடுநேரம் மறக்காமல் இருந்தன. கிராமத்து வைத்தியர் வாய்மொழியாகச் சொன்னது தாளில் எண்ணாக வந்து நின்றது. உண்மையாகவே பெருமைப்பட வேண்டிய தருணம் அது. ஆனால் எலிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று யாராவது அளந்து சொல்வதற்கு முன்பே வியாபாரம் வந்து கதவைத் தட்டியது.

அந்த வியாபாரத்தின் வேர் பாகூருக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. பாகூரிலிருந்து தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்குவதைக் கூலி வேலை செய்கிறவரும் வாங்கும்படி சின்னப் பொட்டலத்தில் அடைக்க வேண்டும் என்று ஓயாமல் முயன்றுகொண்டிருந்தார். இந்தியாவின் சாஷே புரட்சிக்குத் தந்தை என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் மறைந்தபின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூவை அந்தப் பொட்டலத்தில் பெட்டிக்கடை தோரணமாகத் தொங்கவிட்டார்கள். தம்பி ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு பிரிந்துபோய் சிக் ஷாம்பூவைத் தொடங்கியது எல்லாரும் அறிந்த கதை. மூத்தவர் ராஜ்குமார் பக்கம் நடந்தது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

லக்னோ நிறுவனம் தன் நீர்ப்பிரமிச் சாற்றைத் தொழில்துறைக்குக் கொடுக்க முன்வந்தபோது அதைக் கையிலெடுத்தது சென்னையிலிருந்து இயங்கிய இந்த வெல்வெட் குழுமம்தான். 1990களில் 'மெமரி பிளஸ்' வந்தது. அரசு ஆய்வுக்கூடத்தின் முத்திரை ஒரு பக்கம். விளம்பரத்தில் யார் என்று பார்த்தால், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான, 1995இல் நியூயார்க்கில் காஸ்பரோவோடு உலகப் பட்டத்துக்கு மோதிவிட்டு வந்த மயிலாடுதுறைப் பிள்ளை விஸ்வநாதன் ஆனந்த். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீடு அதைப் பார்த்துச் சும்மா இருக்கும்? தேர்வு என்றாலே வயிறு கலங்கும் ஊர்களில் ஞாபகசக்தி கடைச் சரக்காகிவிட்டது. மனிதர்கள் மேல் பெரிய சோதனை நடந்து முடியாமலே அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்தச் சோதனை நடந்தது வெகு தூரத்தில், ஆஸ்திரேலியாவில். லக்னோவின் சாறு, அந்த நிறுவனத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரால் சிடிஆர்ஐ 08 என்ற அடையாளத்தோடு அங்கே போய் 'கீன்மைண்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்திருந்தது. 2001இல் மெல்போர்னில் 46 பேருக்கு 12 வாரம் தினமும் 300 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு உண்மையான மாத்திரை, மறுபாதிக்கு வெறும் மாத்திரை. சில சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. முழுப் பலன் தெரிந்தது 12 வாரம் கழிந்த பிறகுதான். அதே வருஷம் இன்னொரு குழு ஒரே ஒரு வேளை கொடுத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தது. எந்த மாற்றமும் இல்லை. 2002இல் வொலொங்காங்கில் 40 முதல் 65 வயதுவரை உள்ள 76 பேர், மூன்று மாதம். புதிதாகக் கற்கும் வேகம் கூடவேயில்லை. புதிதாகக் கற்றது நழுவிப்போவது மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. பிடித்துவைக்கும் கை கொஞ்சம் இறுகியது, அள்ளும் கை அப்படியே இருந்தது.

2014இல் தேர்ந்தெடுத்த ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்த்தார்கள். அத்தனையிலும் கலந்துகொண்டவர்கள் 518 பேர். நம்மூர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் காலை வணக்கத்துக்கு நிற்கும் கூட்டம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். கவனம் செலுத்தும் வேகத்தில் சிறு முன்னேற்றம் என்பதுதான் அதில் கிடைத்த முடிவு. வயிற்றுப் புரட்டலும் அடிக்கடி வெளிக்குப் போவதும் பல ஆய்வுகளில் கூடவே வந்தன. நூற்றாண்டுகளாக வைத்தியர்கள் நம்பியது முழுப் பொய்யில்லை என்று அறிவியல் ஒப்புக்கொண்டது. பெட்டிமேல் அச்சிட்ட அளவுக்கு உண்மையும் இல்லை என்பதும் அதே தாளில் இருந்தது.

மற்ற நாட்டு மாத்திரைகளின் கதி இன்னும் மோசமானது. ஜிங்கோ இலைச்சாறு உலகமெங்கும் விற்றது. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேருக்கு வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு, சுமார் ஆறு வருஷம் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. ஜெல்லிமீனில் கண்டுபிடித்த புரதத்தை வைத்து 'பிரிவஜன்' என்று ஒரு மாத்திரை வந்தது. ஞாபகத்தைக் கூட்டும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் இல்லை என்று 2017இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையமும் நியூயார்க் மாநில அரசும் வழக்குப் போட்டன. 2024 டிசம்பரில் அந்த வாக்குறுதிகளுக்கு நீதிமன்றத் தடை வந்தது. நடுவே 2019இல் உலக மூளைநலக் குழு ஒன்று எல்லா ஆதாரங்களையும் பார்த்து, மூளைக்கென்று எந்தத் துணை மாத்திரையையும் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. 2022இல் மட்டும் ஒரு சின்ன வெளிச்சம்: 65 கடந்த 2,262 பேரில் தினமும் சாதாரண பல்விட்டமின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மூன்று வருஷத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது. அது முதியோர் கதை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் எதுவும் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இதையெல்லாம் முன்பே யோசித்துவைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்தக் குறைகளைத் தீர்ப்பதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்ற பட்டியல் அது. புற்றுநோய், வழுக்கை, உயரம் கூட்டுவது ஆகியவற்றோடு 'மூளைத்திறன் அதிகரிப்பும் நினைவாற்றல் மேம்பாடும்' அந்தப் பட்டியலில் நிற்கிறது. வியாபாரம் வேறு வாசலைக் கண்டுபிடித்தது. 2016இல் துணை உணவுகளுக்கென்று தனி விதிகள் வந்தன. மாத்திரை உருவத்திலேயே உணவு என்று பதிவாகலாம். அதற்கு விலையாக ஒரு வரி கட்டாயம் அச்சிட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த வரி எங்கே இருக்கிறது என்று தேடத்தான் புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூருக்கு வர வேண்டியிருக்கிறது.

மாசி மாத மாலை. உறுவையாற்றிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு தாய் மருந்துக்கடைக் கண்ணாடி மேஜைக்கு முன்னால் நிற்கிறாள். பையனுக்குத் தேர்வு. கடைக்காரர் எடுத்து வைக்கும் பெட்டியின் முகப்பில் மூளைப் படம், பச்சை இலைப் படம். அவள் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். பெட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஆங்கிலத்தில் அந்த வரி தெரியும்: மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல. அதற்கு மேலே உள்ளடக்கப் பட்டியலில் முதல் பெயர்: பகோபா மோன்னியேரி. காலையில் அவள் தண்ணீர் கட்டிவிட்டு வந்த வாய்க்கால் ஓரத்தில், கொலுசுக் காலால் மிதித்துக்கொண்டு வந்த அதே பூண்டு.

அதற்காக வாய்க்காலில் இறங்கிப் பறித்துத் தின்றுவிடலாமா என்றால், அதற்கும் லக்னோவிலிருந்தே ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. நீரில் கலந்த காட்மியம், பாதரசம் போன்ற கனஉலோகங்களை இந்தப் பூண்டு உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும்; அழுக்குநீரைச் சுத்தம் செய்யவே அதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆலைக்கழிவும் சாக்கடையும் கலக்கும் வாய்க்காலில் வளர்ந்த கொடி மருந்தாகாது.

அவள் வாங்கியது பையனுக்கு. வீட்டில் அவள் மாமியார் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கலாம். அடுத்த தடவை அவருக்கும் அதே அட்டை போகும். எனக்குப் பதறுவது அங்கேதான். முதியவர் மறதிக்குப் பின்னால் பி12 குறைவு இருக்கலாம், தைராய்டு சுரப்புக் குறைவு இருக்கலாம். வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குப் பி12 இறங்குவது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். தூக்கமின்மையும், மனச்சோர்வும், கேட்காத காதும்கூட மறதி வேஷம் போட்டு வரும். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் தெரியக்கூடிய, ஊசியிலோ மாத்திரையிலோ திருத்தக்கூடிய குறையை, மூன்று மாதம் பச்சை அட்டை தின்று ஒத்திப்போடுவதுதான் உண்மையான நஷ்டம். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. வில்லியனூரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

பையனுக்கு என்ன வழி என்பதற்கு 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு பதில் கிடைத்தது. மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை மறுபடி படித்தது. இன்னொரு கூட்டம் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து, மறுபடி படித்தவர்கள் ஞாபகம் வைத்திருந்தது 42 சதவீதம்; மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம். மேலே பார்த்த எந்த ஆய்விலும் ஓர் அட்டை இந்த வித்தியாசத்தை ஒரு வாரத்தில் காட்டவில்லை. அதற்குப் பக்கத்தில் வரும், வாயால் திருப்பிச் சொல்லும் முறைதான் நம் பக்கத்துப் பழைய 'சந்தை'.

தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் வாங்கும் ஞாபகசக்தி அட்டை, தேர்வு முடிவதற்குள் தன் முழு வேலையைக் காட்டியிருக்காது. அந்தக் காசுக்கு வாரம் இருமுறை வல்லாரைத் துவையலும் ஒரு முட்டையும் அந்த வீட்டுக்குத் தாராளமாக வரும்.